மூன்று பக்கம் அளந்தால் கோணம் தெரியும்

ஆலய ஆண்டு மலரில் கணக்குப் பாடத்துக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது மாணவமணிகளுக்குப் பயன்படும் ஒரு கட்டுரை. கரும்பலகை முன்னால் நின்றே காலத்தைக் கழித்தவனுக்கு வேறு என்ன எழுத வரும்? அதோடு, கணக்கு கோவிலுக்குப் புறம்பான சரக்கும் அன்று. வேள்விக் குண்டங்களை எந்த அளவில், எந்த வடிவில் அமைப்பது என்று கூறும் பழைய நூல்களுக்குச் சுல்ப சூத்திரங்கள் என்று பெயர். சுல்பம் என்றால் கயிறு. முளை அடித்து, கயிற்றை இழுத்துப் பிடித்து, தரையில் வடிவம் வரைந்தவர்களின் கணக்கு அது. நான் இங்கே விளக்கப் போகும் கொசைன் விதியும் கயிறு மட்டுமே கையில் உள்ளவனுக்கு உதவும் விதிதான்.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் முக்கோணம், செங்கோணம், சுற்றளவு என்றெல்லாம் தமிழில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே எல்லாம் மலாய்மொழிக்கு, சில வகுப்புகளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்தவர்களிடம் இந்தப் பாடம் 'பெத்துவா கொசினுஸ்' என்ற பெயரில் வந்து சேருகிறது. எஸ்.பி.எம். தேர்வுத் தாளிலேயே சூத்திரத்தை அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். மாணவன் எண்களை அதில் போடுகிறான், கணிப்பொறியைத் தட்டுகிறான், விடை வருகிறது. சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், விழிப்பான். கையில் கொடுத்துவிட்ட சூத்திரத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதே எனக்கு உள்ள குறை. கூடுதல் கணிதத்தை வேண்டாம் என்று பாதியில் விட்டுவிடும் பிள்ளைகளில் பலர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். காரணம் சொல்லாமல் சொல்லிக் கொடுத்ததால் சலித்துப் போனவர்கள்.

ஆகவே சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம்.

இரண்டு மரச்சட்டங்களை எடுத்து ஒரு முனையில் கீல் போட்டு இணைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 3 அடி, மற்றொன்று 4 அடி. ஒன்றின்மேல் ஒன்றாக மடக்கி வைத்தால் நுனிக்கும் நுனிக்கும் இடைவெளி 1 அடி. முழுவதும் விரித்து நேர்கோடாக்கினால் 7 அடி. செங்கோணமாக நிறுத்தினால், பித்தாகரஸ் சொன்னபடி, 5 அடி. இப்போது இந்த மூன்று இடைவெளிகளையும் வர்க்கமாக்குங்கள். மடக்கியபோது 1, செங்கோணத்தில் 25, விரித்தபோது 49. நடுவே உள்ள 25, மூன்றின் வர்க்கமும் நான்கின் வர்க்கமும் சேர்ந்தது. மடக்கினால் அதில் 24 குறைகிறது. விரித்தால் அதே 24 கூடுகிறது. இந்த 24 எங்கிருந்து வந்தது? 2 × 3 × 4.

கொசைன் விதி முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது. கீல் எவ்வளவு திறந்திருக்கிறதோ அதற்கு ஏற்ப அந்த 24-இல் எத்தனை பங்கைக் கழிப்பது என்று சொல்லும் எண்ணுக்குத்தான் கொசைன் என்று பெயர். மடக்கிய நிலையில், அதாவது 0 பாகையில், அது 1, முழுவதையும் கழி. 60 பாகையில் அது அரை. 12 கழித்தால் 13, அதன் வர்க்கமூலம் சுமார் 3.61 அடி. 90 பாகையில் அது பூஜ்யம். ஒன்றும் கழிக்க வேண்டாம். 120 பாகையில் கழித்தல் அரை. கழித்தலைக் கழித்தால் கூட்டல், 25-உம் 12-உம் 37, இடைவெளி சுமார் 6.08 அடி. 180 பாகையில் கழித்தல் 1. எனவே விதியை வார்த்தையில் இப்படிச் சொல்லலாம்:

எதிர்ப்பக்கத்தின் வர்க்கம் = மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டல் − (2 × அந்த இரு பக்கங்களின் பெருக்கல் × இடைக்கோணத்தின் கொசைன்).

பித்தாகரஸ் தேற்றம் வேறு, இது வேறு என்று மாணவர்கள் இரண்டு பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். அப்படியில்லை. பித்தாகரஸ் என்பது இதே விதி, கோணம் 90 பாகையாக அமைந்துவிட்ட இடத்தில்.

நிரூபணம் நீளமானது அன்று. க, ச, த என்ற மூன்று முனைகள் கொண்ட முக்கோணம் ஒன்றைத் தாளில் வரையுங்கள். க முனையில் உள்ள கோணம் குறுங்கோணமாக இருக்கட்டும். கத என்ற பக்கத்தைத் தரையில் படுக்கப்போட்டு, ச முனையிலிருந்து அதன்மேல் ஒரு குத்துக்கோடு இறக்குங்கள். அது தரையைத் தொடும் இடம் ப. இப்போது முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிந்துவிட்டது. இடப்புறத்தில், குத்துக்கோட்டின் வர்க்கம் என்பது கச-வின் வர்க்கத்தில் கப-வின் வர்க்கத்தைக் கழித்தது. வலப்புறத்தில், சத-வின் வர்க்கம் என்பது குத்துக்கோட்டின் வர்க்கத்தோடு பத-வின் வர்க்கத்தைக் கூட்டியது. பத என்பது கத-வில் கப போக மீதம். அதை வர்க்கமாக விரித்தால் கத-வின் வர்க்கம், கழித்தல் 2 × கத × கப, கூட்டல் கப-வின் வர்க்கம். எல்லாவற்றையும் சேருங்கள். கப-வின் வர்க்கம் ஒருமுறை கழிந்தும் ஒருமுறை கூடியும் மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது, சத-வின் வர்க்கம் = கச-வின் வர்க்கம் + கத-வின் வர்க்கம் − 2 × கத × கப. கப என்பது கச-வைத் தரையில் விழவிட்ட நிழல். கச-வை இடைக்கோணத்தின் கொசைனால் பெருக்கினால் அது கிடைக்கும். அவ்வளவுதான். கொசைன் என்ற சொல்லே இல்லாமல், இந்த நிழலை மட்டும் வைத்து, யூக்ளிட் தமது இரண்டாம் நூலின் 12, 13-ஆம் தேற்றங்களில் இதைச் சொல்லி வைத்திருக்கிறார். அது கி.மு. 300 வாக்கில்.

இனி நம் ஊர்க் கதை ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் மடைப்பள்ளிக்குப் பின்னால், சாலைக்கும் வடிகாலுக்கும் நடுவே ஆப்பு வடிவில் கிடந்த தரைக்குச் சிமெண்டுத் தளம் போடத் தீர்மானித்தோம். திருவிழாக் காலத்தில் அன்னதானப் பந்தி நடக்கும் இடம். மழை பெய்தால் சேறு. குத்தகையாளர் ஒருவர் வந்து பார்த்தார். சாலையோரம் 80 அடி, வடிகாலோரம் 50 அடி. இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கி 2,000 சதுர அடி என்று விலைப்பட்டியல் எழுதிவிட்டார். சதுர அடிக்கு 9 வெள்ளி. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். முக்கோணம் என்றால் இரண்டு பக்கத்தைப் பெருக்கிப் பாதியாக்கு என்று நம்மில் எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த இரண்டு பக்கமும் செங்கோணத்தில் சந்தித்தால் மட்டுமே அது சரி. வேறெந்தக் கோணத்தில் சந்தித்தாலும், குறுகியிருந்தாலும் விரிந்திருந்தாலும், உண்மையான பரப்பு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அந்த மூலையின் கோணத்தை எப்படி அளப்பது? பள்ளிக்கூடக் கோணமானியைத் தரையில் வைத்து 80 அடி நிலத்தை அளக்க முடியாது. நில அளவையாளரின் கருவியும் நம்மிடம் இல்லை. இருந்தது அளவு நாடா ஒன்றுதான். ஆகவே மூன்றாவது பக்கத்தையும் அளந்தோம். 70 அடி வந்தது. (அங்குலங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.) 80-இன் வர்க்கம் 6,400, 50-இன் வர்க்கம் 2,500, கூட்டினால் 8,900. 70-இன் வர்க்கம் 4,900. வித்தியாசம் 4,000. இதை 2 × 80 × 50, அதாவது 8,000-ஆல் வகுத்தால் 0.5. கொசைன் அரை என்றால் கோணம் 60 பாகை. 60 பாகையின் சைன் 0.866. எனவே பரப்பு 2,000 × 0.866 = 1,732 சதுர அடி. விலைப்பட்டியலில் 268 சதுர அடி அதிகம். பணமாகப் பார்த்தால் 2,412 வெள்ளி. உண்டியலில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியாக விழுந்த பணம். குத்தகையாளர் நாடாவைத் தாமே ஒருமுறை பிடித்துப் பார்த்தார், பட்டியலைத் திருத்திக் கொடுத்தார்.

நாடா தொய்ந்து ஓர் அடி பிசகியிருந்தால் என்ன ஆகும் என்று செயலவை உறுப்பினர் ஒருவர் அப்போது கேட்டார். நல்ல கேள்வி. 70-க்குப் பதில் 71 என்று வைத்துப் பாருங்கள். கோணம் சுமார் 61 பாகையாகும், பரப்பு சுமார் 1,752 சதுர அடியாகும். ஓர் அடிப் பிசகு 20 சதுர அடியைத்தான் அசைத்தது. கோணத்தையே பார்க்காமல் விட்டது 268 சதுர அடியைச் சாப்பிட்டது.

இந்தக் கணக்கை நம் முன்னோர் கொசைன் இல்லாமலேயே போட்டிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 628-ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் எழுதிய நூலிலும், பிறகு 1150-இல் பாஸ்கராசாரியர் எழுதிய லீலாவதியிலும் அந்த முறை இருக்கிறது. ஒரு பக்கத்தை அடிப்பக்கமாகக் கொள்ள வேண்டியது. மற்ற இரு பக்கங்களின் கூட்டலை அவற்றின் வித்தியாசத்தால் பெருக்கி அடிப்பக்கத்தால் வகுக்க வேண்டியது. வந்த எண்ணை அடிப்பக்கத்தோடு ஒருமுறை கூட்டியும் ஒருமுறை கழித்தும் பாதியாக்கினால், குத்துக்கோடு அடிப்பக்கத்தைப் பிரிக்கும் இரண்டு துண்டுகள் கிடைக்கும். இந்தத் துண்டுக்கு 'ஆபாதா' என்று பெயர். நாம் மேலே பார்த்த நிழல்தான் அது.

நம் சிமெண்டுத் தளத்தையே போட்டுப் பாருங்கள். அடிப்பக்கம் 80, மற்றவை 70, 50. கூட்டல் 120, வித்தியாசம் 20, பெருக்கினால் 2,400, எண்பதால் வகுத்தால் 30. எண்பதோடு கூட்டிப் பாதியாக்கினால் 55. கழித்துப் பாதியாக்கினால் 25. ஐம்பது அடிப் பக்கத்தின் நிழல் 25 அடி. பாதி! அதே அரை, அதே 60 பாகை. குத்துக்கோட்டின் நீளம் 2,500-இல் 625 போக 1,875-இன் வர்க்கமூலம், சுமார் 43.3 அடி; எண்பதின் பாதியால் பெருக்கினால் 1,732. சைன் அட்டவணையும் வேண்டாம், கணிப்பொறியும் வேண்டாம். வர்க்கமூலம் ஒன்று தெரிந்தால் போதும். லீலாவதியில் பாஸ்கரர் தரும் உதாரணம் அடிப்பக்கம் 14, மற்றவை 13, 15. துண்டுகள் 5-உம் 9-உம், குத்துக்கோடு 12, பரப்பு 84. எல்லாம் முழு எண்ணாக வரும்படி பொறுக்கி எடுத்திருக்கிறார். ஆசிரியர் மனம் ஆசிரியருக்குத் தெரியும்.

ஆனால் என்னைக் கவர்ந்தது அவருடைய அடுத்த உதாரணம். அடிப்பக்கம் 9, மற்றவை 10-உம் 17-உம். கூட்டல் 27, வித்தியாசம் 7, பெருக்கல் 189, ஒன்பதால் வகுத்தால் 21. இது அடிப்பக்கத்தைவிடப் பெரியது. 9-இலிருந்து 21-ஐக் கழித்தால் கழித்தல் 12, பாதி கழித்தல் 6. நீளம் எப்படிக் கழித்தலாக இருக்கும்? தப்பு என்று அவர் அடித்துவிடவில்லை. இந்தத் துண்டு ருணம், அதாவது எதிர்த்திசையில் உள்ளது என்று பொருள் சொல்கிறார். குத்துக்கோடு அடிப்பக்கத்துக்குள் விழாமல் வெளியே 6 அலகு தள்ளி விழுகிறது. மறு துண்டு 15, குத்துக்கோடு 8, பரப்பு 36.

இப்போது கொசைனுக்கு வாருங்கள். அந்த மூலையில் சந்திப்பவை 9-உம் 10-உம். 81-உம் 100-உம் 181, அதில் 289 போனால் கழித்தல் 108, இதை 180-ஆல் வகுத்தால் கழித்தல் 0.6. கோணம் சுமார் 126.9 பாகை, விரிகோணம். மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். கழித்தல் குறியைக் கண்டதும் ஏதோ கைப்பிசகு என்று நினைத்து அதை அடித்துவிடுகிறார்கள். 0.6-க்கு உரிய 53.1 பாகையை எழுதிவிட்டு வருகிறார்கள். அந்தக் கழித்தல் குறிதான் கோணம் விரிந்தது என்று நமக்குச் சொல்ல வந்த தூதுவன். சைன் இந்த விஷயத்தில் வாயைத் திறக்காது. 53.1 பாகைக்கும் சைன் 0.8, 126.9 பாகைக்கும் சைன் 0.8. இரண்டில் எது என்று சைன் விதியால் சொல்ல முடியாமல் போகும் அந்தக் குழப்பத்துக்குப் பாடநூலில் தனி அத்தியாயப் பகுதியே ஒதுக்கியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் தெரிந்தால் கொசைன் விதியில் அந்தக் குழப்பமே எழாது. ஆகவே மூன்று பக்கம் கொடுத்த கணக்கில் மிகப் பெரிய பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தை முதலில் கொசைன் விதியால் கண்டுவிடுங்கள். மற்ற இரண்டும் குறுங்கோணமாகத்தான் இருக்க முடியும். அவற்றுக்குச் சைன் விதியைத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

இன்னொரு எச்சரிக்கை. வகுத்து வந்த விடை 1-ஐத் தாண்டினாலோ, கழித்தல் 1-க்குக் கீழே போனாலோ கணிப்பொறி மறுத்துவிடும். கணிப்பொறியின்மேல் கோபப்பட வேண்டாம். 50, 80, 140 என்று மூன்று பக்கம் எழுதிப் பாருங்கள், கழித்தல் 1.34 வரும். ஐம்பதும் எண்பதும் சேர்ந்தே 130 தானே? அந்த முக்கோணம் மூடாது. நாடாவைப் பிடித்தவர் எங்கோ தவறாகப் படித்திருக்கிறார்.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வட்டத்தின் வில்லுக்கு இழுத்துக் கட்டிய நாணைச் சமஸ்கிருதத்தில் ஜ்யா என்றனர். தமிழில் வில்லுக்கும் நாண்தான், வடிவ கணிதத்திலும் நாண்தான். 499-இல் ஆரியபடர் பாதி நாண்களுக்கு ஒரு பட்டியலே கொடுத்தார். ஜ்யா, ஜீவா என்று வழங்கியது அரபு மொழிக்குப் போய் 'ஜிபா' ஆயிற்று. உயிர்க்குறி இல்லாமல் எழுதியதால் பின்வந்தவர்கள் அதை 'ஜைப்' என்று படித்தார்கள். அதற்கு மடிப்பு, வளைவு என்று பொருள். லத்தீனில் மொழிபெயர்த்தவர்கள் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு 'சினுஸ்' என்றார்கள். நம் பிள்ளைகள் மலாய்ப் பாடநூலில் படிக்கும் 'சினுஸ்' இப்படி நம் நாட்டு வில் நாண் ஊர் சுற்றித் திரும்பி வந்தது. கொசைன் என்ற வடிவத்தை 1620-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர். நிலம் அளக்கும் 66 அடிச் சங்கிலிக்கும் அவர் பெயர்தான். அச்சங்கிலியில் 100 கண்ணிகள், பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். தோட்டப்புறத்தில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு 'செயின்' கணக்கு நினைவிருக்கும். கொசைனுக்குப் பெயர் தந்தவரும் சங்கிலிக்கு அளவு தந்தவரும் ஒரே ஆள் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பிரெஞ்சுக்காரர்கள் இந்த விதியை அல்காஷி தேற்றம் என்பார்கள். அவர் சமர்கண்டில் வாழ்ந்தவர். 1427-இல் முடித்த கணித நூலில் இதைக் கையாண்டவர்.

இவ்வளவு பழைய விதியாக இருந்தும் நில அளவையில் பெரும்பாலும் சைன் விதிக்குத்தான் முதல் மரியாதை கிடைத்தது. காரணம் உண்டு. 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைக்கு அருகே இந்திய நிலப்பரப்பின் பெரும் அளவைக்கு அடிக்கோடு போட்டார். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள அந்த ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. ஒவ்வொரு பக்கத்தையும் அப்படி அளப்பதென்றால் ஆயுள் போதாது. ஆகவே ஒரே ஒரு பக்கத்தை அளந்தார்கள். மற்றதெல்லாம் கோணம் பார்த்துச் சைன் விதியால் கணக்கிட்டார்கள். கோணம் பார்க்க உயரமான இடம் வேண்டும். குன்று இல்லாத சமவெளியில் கோவில் கோபுரங்கள்தான் கை கொடுத்தன. 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின்மேல் அரை டன் எடையுள்ள கோணக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே பழுது பார்த்தார். ஆறு வாரம் பிடித்தது.

இன்று நிலைமை தலைகீழ். ஒளிக்கதிரை அனுப்பித் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை நொடியில் அளந்துவிடுகிறார்கள். நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசி தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் செயற்கைக்கோள்களுக்கு உள்ள தூரங்களை வைத்துத்தான். கோணத்தை அது அளப்பதே இல்லை. தூரம் மலிந்துவிட்ட காலத்தில், தூரத்திலிருந்து கோணத்தைப் பிடிக்கும் இந்தக் கணக்குக்கு வேலை கூடியிருக்கிறது.

மாணவமணிகள் போட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள் தருகிறேன். கணிப்பொறி வேண்டாம், பென்சில் போதும்.

கொடிமரத்தடியிலிருந்து ஒரு தோரணக் கம்பம் 8 அடி தூரத்திலும், இன்னொன்று 15 அடி தூரத்திலும் நிற்கின்றன. இடைக்கோணம் 60 பாகை. இரண்டு கம்பங்களுக்கும் இடையே மாவிலைத் தோரணம் தொய்வில்லாமல் கட்ட எத்தனை அடிக் கயிறு வேண்டும்?

பந்தலின் மூன்று கால்களுக்கு இடையே உள்ள தூரங்கள் 7 அடி, 15 அடி, 20 அடி. மிகப் பெரிய கோணத்தின் கொசைன் என்ன? குத்துக்கோடு உள்ளே விழுமா, வெளியே விழுமா?

முதலாவதற்கு விடை 13 அடி, முடிச்சுப் போடும் நீளம் தனி. இரண்டாவதற்கு விடை கழித்தல் 0.6; லீலாவதியில் பார்த்த அதே கோணம், குத்துக்கோடு வெளியேதான் விழும். எத்தனை அடி தள்ளி விழுகிறது என்பதை ஏழடிப் பக்கத்தை அடிப்பக்கமாக வைத்து பாஸ்கரர் முறையில் போட்டுப் பாருங்கள். 9 வரவேண்டும்.